மகெல்லனைக் கொன்றது யார்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பிலிப்பைன்ஸ் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப்பேர், பிள்ளைகளை அங்கே மருத்துவம் படிக்க அனுப்பியிருக்கும் பெற்றோர். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அந்தத் தீவுகளுக்கே.

கேள்வி: என் மகள் தாவோவில் மருத்துவம் படிக்கப் போயிருக்கிறாள். முதலில் ஒரு பட்டப்படிப்பு முடிக்க வேண்டுமாம், அதில் பிலிப்பைன்ஸ் வரலாறும் ஒரு பாடமாம். பாடப்புத்தகத்தைப் படித்து எழுதினால் போதாது, மூல ஆவணத்தைப் படி என்கிறார்களாம். உடம்பைப் படிக்கப் போன பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? – நாமக்கல் வாசகி

பதில்: அம்மா, அது உங்கள் மகளுக்கு மட்டும் வைத்த பாடம் இல்லை. அந்த நாட்டு உயர்கல்வி ஆணையம் 2013ல் பொதுப் பாடங்களை மாற்றி அமைத்தபோது, எந்தப் பட்டம் படித்தாலும் இதைப் படித்தாக வேண்டும் என்று வைத்துவிட்டது. 2018லிருந்து கல்லூரிகளில் நடக்கிறது. பாடத்தின் பெயரே 'பிலிப்பைன்ஸ் வரலாற்றில் வாசிப்புகள்' என்பதுதான். கதையைப் பள்ளியிலேயே சொல்லியாயிற்று, கல்லூரியில் மறுபடி சொல்ல மாட்டார்கள். பழைய காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்து, இதை எழுதியது யார், எப்போது, யார் படிப்பதற்காக, நடந்தபோது அவர் எங்கே இருந்தார் என்று கேட்பார்கள். மூல ஆவணம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சம்பவத்தில் இருந்தவரோ அந்தக் காலத்தில் வாழ்ந்தவரோ விட்டுப்போன கடிதம், நாட்குறிப்பு, செப்பேடு, வழக்கு வாக்குமூலம், வரைபடம் எல்லாமே அதுதான்.

பிலிப்பைன்ஸில் இது கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படுவதற்கும் ஒரு காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைக்கும் அந்தத் தீவுகளைப் பற்றிக் காகிதத்தில் இருப்பதில் பெரும்பகுதி வெளியாட்கள் எழுதியது. ஸ்பானியப் பாதிரியார், ஸ்பானிய அதிகாரி, வழியில் வந்த மாலுமி. ஊர்க்காரன் என்ன நினைத்தான் என்பதை அவர்கள் எழுத்தின் இடுக்கிலிருந்துதான் பிதுக்கி எடுக்க வேண்டும். அப்புறம், வலி எப்போது தொடங்கியது, யார் பார்த்தது, நீங்களே பார்த்தீர்களா என்று கேட்டு எழுதுவது டாக்டருக்கும் உள்ள வேலைதானே. மகள் படிக்கட்டும், வீண் போகாது.

கேள்வி: மகெல்லனை வாளால் வெட்டிக் கொன்றது லாபுலாபு என்று படித்திருக்கிறேன். அங்கே சிலையே இருக்கிறது. இதற்கு மூல ஆவணம் உண்டா? – காரைக்குடி வாசகர்

பதில்: சண்டைக்கு உண்டு. மக்தான் தீவுத் தலைவன் லாபுலாபு தன் கையால் வெட்டினார் என்பதற்கு இல்லை.

மகெல்லன் ஸ்பெயின் அரசனுக்காக நடத்திவந்த கப்பல்களில் அந்தோனியோ பிகஃபெட்டா என்ற இத்தாலியர் ஒருவர் இருந்தார், வடக்கு இத்தாலியின் விசென்சா ஊர்க்காரர். 1519 செப்டம்பரில் ஸ்பெயினிலிருந்து ஐந்து கப்பல்கள் கிளம்பின. மூன்று வருடம் கழித்து விக்டோரியா என்ற ஒரே கப்பல், உலகைச் சுற்றி முடித்து, 18 பேரோடு வந்து சேர்ந்தது. அந்த 18 பேரில் பிகஃபெட்டாவும் ஒருவர். வழி நெடுக எழுதிக்கொண்டே வந்தவர். மனிதருக்கு எல்லாவற்றிலும் ஆர்வம். என்ன சாப்பிட்டார்கள், பச்சை குத்திக்கொண்டது எப்படி என்று எதையும் விடவில்லை, அந்தப் பக்கத்துத் தீவு மக்களான விசயர்களின் சொற்களைக்கூட நூற்றுக்கு மேல் கேட்டுப் பட்டியல் போட்டிருக்கிறார்.

1521 ஏப்ரல் 27 சனிக்கிழமை. மக்தான் தீவின் கரையோரம் பாறைகள், படகு நெருங்க முடியவில்லை. 11 பேரைப் படகில் விட்டுவிட்டு 49 பேர் தொடையளவு தண்ணீரில் இறங்கி நடக்கிறார்கள். கரையில் மூன்று அணியாக 1,500க்கு மேற்பட்டவர்கள் நிற்கிறார்கள் என்று எழுதுகிறார் (தோற்றவன் எண்ணிய எதிரிக் கணக்கு, கொஞ்சம் பெருத்துத்தான் இருக்கும், அதை அப்படியே நம்ப வேண்டாம்). வீடுகளைக் கொளுத்தினால் மிரண்டு ஓடுவார்கள் என்று மகெல்லன் ஆளனுப்பிக் கொளுத்த, இருபது முப்பது வீடு எரிவதைப் பார்த்து அவர்களுக்கு வெறிதான் ஏறியது. விஷ அம்பு ஒன்று மகெல்லனின் வலது காலில் பாய்கிறது. பின்வாங்குங்கள் என்கிறார், பெரும்பாலானவர்கள் ஓடியே போகிறார்கள். கையில் காயம் பட்டிருந்ததால் வாளைப் பாதி உறைக்கு மேல் உருவ முடியவில்லை. பெரிய வாள் ஒன்றால் ஒருவன் இடது காலில் வெட்டுகிறான். மகெல்லன் முகங்குப்புற விழுகிறார், உடனே எல்லாரும் ஈட்டியோடு மேலே விழுகிறார்கள்.

அந்த 'ஒருவன்' யார் என்று பிகஃபெட்டா சொல்லவில்லை. சிலாபுலாபு என்று ஒரு தலைவன் பெயர் அவர் எழுத்தில் வருகிறது. ஸ்பெயின் அரசனுக்குப் பணிய மறுத்தவன் என்ற அளவில்தான் வருகிறது. அந்த 'சி' கூட பெயரின் பகுதி இல்லை, ஆள் பெயருக்கு முன்னால் அந்த மொழிகளில் போடும் ஓர் ஒட்டு, பிகஃபெட்டா அதையும் சேர்த்தே கேட்டு எழுதிவிட்டார். லாபுலாபுவின் வயது என்ன, முகம் எப்படி, அன்று தண்ணீரில் இறங்கிச் சண்டை போட்டாரா, கரையில் நின்று ஏவினாரா, ஒன்றும் அதில் கிடையாது. சிலையின் உடற்கட்டும் முகமும் சிற்பி கொடுத்தது. (அங்கே மீன் கடையில் லாபுலாபு என்று கேட்டால் நம்ம களவா மீனைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.)

இதைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது இன்னொரு வரி. சண்டைக்கு முதல்நாள், மக்தானின் இன்னொரு தலைவன் சூலா என்பவன் தன் மகனிடம் இரண்டு ஆட்டைக் கொடுத்து மகெல்லனிடம் அனுப்புகிறான். சிலாபுலாபு தடுப்பதால் நான் சொன்னதை முழுதாக அனுப்ப முடியவில்லை, ஒரு படகு நிறைய ஆட்களை அனுப்பி உதவுங்கள் என்று சேதி. அதாவது அந்தச் சின்னத் தீவுக்குள்ளேயே இரண்டு கட்சி. 'அந்நியனை எதிர்த்து ஒரு தேசமே எழுந்தது' என்று மேடையில் பேசலாம், ஆனால் அந்த ஆடு இரண்டும் குறுக்கே வந்து நிற்கும்.

பிகஃபெட்டாவிடமும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். மகெல்லன் மேல் அவருக்கு அப்படி ஒரு பக்தி. எங்கள் கண்ணாடி, எங்கள் வெளிச்சம், எங்கள் வழிகாட்டி என்று உருகுகிறார். தலைவன் செய்த மடத்தனத்தை, அதாவது தேவையில்லாத சண்டைக்கு அறுபதே பேரோடு போனதை, அவர் தியாகமாகத்தான் பார்ப்பார். அவர் கையால் எழுதிய மூலப்பிரதியும் நமக்குக் கிடைக்கவில்லை. இருப்பது நான்கு பழைய கைப்பிரதிகள், ஒன்று இத்தாலியத்தில், மூன்று பிரெஞ்சில்.

கேள்வி: ஸ்பானியர் எழுதியதை அந்த ஊர்க்காரர்கள் யாராவது அப்போதே மறுத்திருக்கிறார்களா? – புதுச்சேரி வாசகி

பதில்: அப்போதே என்றால் இல்லை, 280 வருடம் கழித்து. அந்தோனியோ தெ மோர்கா என்ற ஸ்பானிய அதிகாரி மணிலாவில் பதவியில் இருந்துவிட்டு, 1609ல் மெக்சிகோவில் அந்தத் தீவுகளைப் பற்றி ஒரு நூல் அச்சிட்டார். பிலிப்பைன்ஸ்காரரான ஹொசே ரிசால் லண்டனில் இருந்தபோது பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்து அந்த நூலைக் கையால் படியெடுத்து, அடிக்குறிப்புகள் சேர்த்து 1890ல் பாரிஸில் வெளியிட்டார். கண் மருத்துவர், நாவலாசிரியர், அதற்கு நடுவில் இந்த வேலை.

ஒரு குறிப்பு மட்டும் சொல்கிறேன். இவர்கள் மீன் அழுகத் தொடங்கினால்தான் நல்லது என்று சாப்பிடுகிறார்கள் என மோர்கா எழுதியிருந்தார். ரிசாலுக்கு வந்ததே கோபம். பழக்கமில்லாத சாப்பாட்டைப் பார்த்தால் ஸ்பானியருக்கு அருவருப்பு, அது அழுகல் இல்லை, அது பாகோங், சாப்பிட்டவனுக்குத் தெரியும் என்று அடிக்குறிப்பில் போட்டார். பாகோங் என்பது மீனையோ கூனிறாலையோ உப்பில் ஊறப்போட்டுப் புளிக்கவைப்பது. கருவாட்டு வாசத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கோபத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ரிசாலையும் அப்படியே விழுங்கக் கூடாது. ஸ்பானியர் வருமுன் எங்களிடம் எல்லாம் இருந்தது, அவர்கள் வந்து கெடுத்தார்கள் என்று நிறுவும் அவசரம் அவருக்கு. அந்தப் பதிப்புக்கு முன்னுரை எழுதிய நண்பர் புளூமென்ட்ரிட்டே, பழைய காலத்தை இன்றைய அளவுகோலால் அளக்கிறாய் என்று அதே முன்னுரையில் குறை சொன்னார். நண்பனிடம் முன்னுரை கேட்டால் இப்படியும் நடக்கும். ரிசாலும் அதை வெட்டாமல் அச்சிட்டார், அது அவர் பெருமை.

கேள்வி: ஸ்பானியருக்கு முன்னால் அவர்களே எழுதியது ஒன்றுகூட இல்லையா? – கும்பகோணம் வாசகர்

பதில்: கும்பகோணத்துக்காரர் கேட்டதால் ஆசையாகச் சொல்கிறேன். ஒரு செப்பேடு இருக்கிறது.

1989ல் மணிலாவுக்குத் தென்கிழக்கே லகுனா மாகாணத்தில், லும்பாங் ஆற்றின் வாயருகே மணல் அள்ளும்போது கிடைத்தது. ஏறக்குறைய ஒரு சாணுக்கு ஒன்றரைச் சாண், பத்து வரி. படித்தவர் மிந்தோரோ தீவின் பழங்குடிகளான மங்யான் மக்களிடையே வாழ்ந்த அந்தோன் போஸ்ட்மா என்ற டச்சுக்காரர். எழுத்து பழைய ஜாவாவின் கவி எழுத்து. அதன் வேர் பல்லவ எழுத்து. மொழி பழைய மலாய், நடுநடுவே நிறைய சமஸ்கிருதம். தொடங்கும்போதே 'ஸ்வஸ்தி'. அப்புறம் சக ஆண்டு 822, வைசாக மாதம், கிருஷ்ணபட்சம், சதுர்த்தி, சோமவாரம். நம்ம ஊர்க் கோயில் கல்வெட்டைப் படித்துப் பழகியவருக்கு இதில் எந்தச் சொல்லும் புதிதில்லை. கணக்குப் போட்டால் கி.பி. 900, ஏப்ரல் 21. இங்கே முதலாம் ஆதித்த சோழன் காலம்.

விஷயம் என்ன? போரும் இல்லை, கோயில் தானமும் இல்லை, கடன். நாம்வரன் என்ற ஒருவர் ஒரு காட்டி, எட்டு சுவர்ணம் (இரண்டும் அந்தக் கால எடை அளவு) எடையுள்ள தங்கத்துக்குக் கடன்பட்டிருந்தார். அந்தக் கடன் தீர்ந்தது, அவர் வாரிசுகளுக்கும் பொறுப்பில்லை என்று, அங்காத்தான் என்ற பெண்மணியிடமும் அவள் உறவான புக்காவிடமும் கொடுத்த விடுதலைப் பத்திரம் இது. செப்பேட்டுச் சொல்லே 'விசுத்தபத்ர' என்பதுதான். கொடுத்தவர் துண்டுன் என்ற ஊரின் சேனாபதி. துண்டுன் இன்றைய மணிலாவின் தொண்டோ என்று கொள்கிறார்கள். கடைசி வரி, பிற்காலத்தில் எவனாவது வந்து இந்தக் கடன் இன்னும் தீரவில்லை என்று சொன்னால் என்பதோடு வாக்கியம் முடியாமலே நின்றுவிடுகிறது. இன்னொரு ஏடு இருந்திருக்க வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு அங்கே சோழர் ஆண்டார், பல்லவர் ஆண்டார் என்று வாட்சப்பில் கிளப்பிவிடாதீர்கள், ப்ளீஸ். எழுத்து ஜாவா வழியாகப் போனது, ஏட்டில் தமிழ் ஒரு சொல்லும் இல்லை. ஏடு சொல்வது, கி.பி. 900ல் அந்த ஊர்களில் தங்கத்தை எடைபோட்டுக் கடன் கொடுத்தார்கள், எழுதி உறுதி செய்தார்கள், ஒரு பெண்ணின் பெயரில் பத்திரம் போட்டார்கள் என்பதுதான். எனக்கு அதுவே போதும் என்று தோன்றுகிறது.

கேள்வி: பழைய பிலிப்பைன்ஸில் திருடனைக் கொதிக்கும் நீரில் போடுவார்கள், எறும்புக்கு இரையாக்குவார்கள் என்றெல்லாம் ஒரு சட்டத் தொகுப்பு இருந்ததாமே? – சேலம் வாசகர்

பதில்: கலந்தியாவ் சட்டம். பானாய் தீவில் 1433ல் கலந்தியாவ் என்ற தலைவன் போட்ட 18 சட்டங்கள் என்று பல்லாண்டு பாடப்புத்தகத்தில் இருந்தது. முழுப் போலி.

ஹொசே மார்கோ என்பவர், பாவோன் என்ற பாதிரியார் எழுதியதாகச் சொல்லி 1914ல் சில கைப்பிரதிகளை மணிலா நூலகத்தில் கொடுத்தார். நூலகத் தலைவர் ராபர்ட்சன் நம்பி மொழிபெயர்த்து வெளியிட்டார், அங்கிருந்து புத்தகத்துக்குப் புத்தகம் தாவியது. 1968ல் வில்லியம் ஹென்றி ஸ்காட் தன் முனைவர் பட்ட ஆய்வில், ஸ்பானியர் வருமுன்னான காலத்துக்கு என்னென்ன ஆதாரம் உண்டு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். இந்தச் சட்டம் மார்கோ கைக்கு வருவதற்கு முன்னால் எங்கேயும் இல்லை. முன்னூற்றைம்பது வருடம் எதைக் கண்டாலும் எழுதிவைத்த பாதிரியார்கள் ஒருவர்கூட இதைக் கேள்விப்படவில்லை. 1838, 39ல் எழுதியதாகச் சொன்ன கைப்பிரதி ஸ்பெயின் 'அரசருக்கு'ச் சமர்ப்பணம் செய்யப்பட்டிருந்தது. அந்த வருடங்களில் ஸ்பெயினில் ராஜாவே கிடையாது, சிம்மாசனத்தில் இருந்தது சின்னப்பெண் ராணி இரண்டாம் இசபெல்லா. போலிக்காரர் எவ்வளவு உழைத்தாலும் இப்படி ஒரு இடத்தில் கால் இடறும்.

இதில் வேடிக்கை, ஸ்காட் உடைத்த பிறகும் அது சாகவில்லை. 1971ல் அதன் பெயரில் அரசு விருது ஏற்படுத்தினார்கள். தேசிய வரலாற்று நிறுவனம் இதற்கு ஆதாரமில்லை என்று முறையாக அறிவித்தது 2004ல்தான். எங்களுக்கும் ஒரு பழைய சட்டம் இருந்தது என்ற ஆசை அவ்வளவு பலம். அந்த ஆசையை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் லகுனா செப்பேடும் ஆய்வாளர் தோண்டி எடுத்ததில்லை, கைமாறி மியூசியத்துக்கு வந்ததுதான் என்பதால் அதையும் முதலில் சந்தேகித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. எழுத்து, சொல், தேதி எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியதால் நின்றது.

கேள்வி: புரட்சி தொடங்கிய தேதி 1896 ஆகஸ்ட் 23ஆ, 26ஆ? – திருநெல்வேலி வாசகி

பதில்: ஸ்பானிய ஆட்சியை எதிர்த்த கதிபூனான் இயக்கத்தவர்கள் வரிச்சீட்டைக் கிழித்துப் போட்டு முழங்கியதைக் கேட்கிறீர்கள். 23, புகாத் லாவின் என்கிறார் பியோ வாலென்சுவேலா. 24 என்கிறார் சந்தியாகோ ஆல்வாரெஸ், அவர் நேரில் இல்லாதவர். 25 என்கிறார் தலைவர் பொனிஃபாசியோவின் மனைவி கிரகோரியா தெ ஹெசுஸ். 26, பாலிந்தாவாக் என்கிறார் கியெர்மோ மசாங்காய். அரசு 1963ல் 23ஐ எடுத்துக்கொண்டது. ஆனால் வாலென்சுவேலா 1896ல் ஸ்பானியரிடம் பிடிபட்டுச் சொன்ன வாக்குமூலத்தில் இடம் பாலிந்தாவாக். புகாத் லாவின் வந்தது பிற்பாடு எழுதிய நினைவுக்குறிப்பில். அடிக்குப் பயந்து சொன்ன புதிய ஞாபகமா, அமைதியாக உட்கார்ந்து எழுதிய பழைய ஞாபகமா, எதை நம்புவது? ஓடி ஒளிந்தபடி இருந்த கூட்டம், நாலு நாளில் நாலு இடத்தில் முழங்கியிருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் மட்டும்தான்.

கேள்வி: ஸ்பானிஷ் தெரியாமல் இதையெல்லாம் படிக்க முடியுமா? – கோவை மாணவர்

பதில்: தொடங்கலாம். எம்மா பிளேர், ஜேம்ஸ் ராபர்ட்சன் இருவரும் 1903க்கும் 1909க்கும் இடையில் 55 தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. (ஆம், பின்னாளில் கலந்தியாவில் ஏமாந்த அதே ராபர்ட்சன்.) அமெரிக்கா அந்தத் தீவுகளைப் பிடித்த கையோடு வந்த தொகுப்பு என்பதை மட்டும் மறக்க வேண்டாம், எதைச் சேர்ப்பது எதை விடுவது என்பதிலேயே ஒரு பார்வை இருக்கும்.

சொல்லிலும் கவனம். பாதிரியார் ஹுவான் தெ பிளசென்சியா 1589ல் தகாலோகர் (மணிலாப் பக்கத்து மக்கள்) வழக்கங்களை எழுதியபோது 'அலிபின்' என்பவர்களை இரண்டாகப் பிரித்தார். ஒருவகையினருக்குச் சொந்த வீடு உண்டு, சொத்து உண்டு, தலைவனுக்கு வேலை மட்டும் செய்ய வேண்டும். இன்னொரு வகை எஜமானன் வீட்டிலேயே இருப்பவர்கள், அவர்களை விற்கவும் முடியும். இரண்டையும் 'அடிமை' என்று மொழிபெயர்த்தால் பிளசென்சியா பிரித்துக் காட்டியது முழுக்கப் போச்சு. கட்டுரை எழுதும்போது 'அலிபின்' என்றே விட்டு, கீழே விளக்கம் கொடுங்கள்.

கேள்வி: இங்கே, தமிழ்நாட்டில் இருந்துகொண்டு பார்க்கக்கூடிய மூல ஆவணம் ஏதாவது? – சென்னை, அம்பத்தூர் வாசகர்

பதில்: இருக்கிறது, எழும்பூரிலேயே. 1762ல் மணிலாவைப் பிடித்த ஆங்கிலேயப் படை கிளம்பியது மதராசிலிருந்து. டிரேப்பர் தலைமையில் போன அந்தப் படையில் இங்கிருந்து போன சிப்பாய்களும் உண்டு. அக்டோபர் 6ல் நகரம் விழுந்தது, 1764ல் திருப்பிக் கொடுக்கும் வரை நிர்வாகம் கம்பெனி கையில், மணிலாவின் ஆளுநராக இருந்த டாசன் டிரேக் மதராஸ் கவுன்சில்காரர். அந்த நாட்களின் நிர்வாகக் குறிப்புகள் கோட்டை ஆவணங்களோடு சேர்ந்தவை. 'மனில்லா கன்சல்டேஷன்ஸ்' என்ற பெயரில் 1940களில் மதராஸ் அரசு அச்சகம் தொகுதிகளாக அச்சிட்டது. தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள். கம்பெனியின் கவலை கம்பெனிக்கு. 40 லட்சம் டாலர் கப்பம் பேசினார்கள், அது முழுதாக வந்து சேரவே இல்லை.

படை திரும்பியபோது சிப்பாய்கள் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் தங்கி, அங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பிள்ளைகள் அங்கே படிக்கும் பெற்றோருக்கு ஒன்று: விடுமுறையில் கைந்தாவுக்குப் போய், யாராவது பெரியவர் எங்கள் பாட்டன் சிப்பாய் என்று சொன்னால், பெயர், தேதி, கேட்ட இடம் போட்டு எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டுரையில் மட்டும் 'பாட்டன் சிப்பாய்' என்று எழுதாமல், 'பாட்டன் சிப்பாய் என்று சொன்னார்' என்று எழுதட்டும்.